பெரிய மார்க்கெட்டில் ஒரு நீலச் சட்டை

புதுச்சேரிக்குப் போகிறவர்களில் பலர் கடற்கரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நாமோ பெரிய மார்க்கெட்டுக்குள் ஒரு முறை நுழையாமல் வருவதில்லை. சென்ற முறை போயிருந்தபோது, மீன் கடைகளின் நடுவே ஒரு விசாரணையே நடந்துவிட்டது.

மீன் வாங்க வந்த ஓர் அம்மாளின் செல்போனைக் காணோம். எதிர்க் கடைக்காரர், "நம்ம காமிராவில் விழுந்திருக்கும்" என்றார். படத்தை ஓட்டிப் பார்த்தார்கள். அம்மாளுக்குப் பின்னால் நீலச் சட்டையுடன் ஒரு பையன் தெரிந்தான். உடனே, நீலச் சட்டை அணிந்து ஐஸ் சுமந்து கொண்டிருந்த ஒரு பையனைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். "நான் இல்லைங்க" என்று அவன் அழுதான். "காமிரா பொய் சொல்லுமா?" என்று அதட்டினார் ஒருவர். கால் மணி நேரத்துக்குப் பின், காணாமற்போன செல்போன் அம்மாளின் பைக்குள்ளேயே, கீரைக்கட்டின் அடியிலிருந்து மணியடித்தது!

காமிரா பொய் சொல்லவில்லைதான். அது நீலச் சட்டை என்று மட்டுமே சொல்லிற்று. மீதியை ஜனங்கள் சொன்னார்கள்.

1954 வரையில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊரல்லவா? நமக்கு ஒரு பிரெஞ்சு வழக்கு நினைவுக்கு வந்தது. பாரிஸ் போலீஸில் அல்போன்ஸ் பெர்த்தியோன் என்பவர், தலையையும் காதையும் கையையும் அளந்து குற்றவாளிகளை அடையாளங் காணும் முறையை ஏற்படுத்திப் புகழ் பெற்றிருந்தார். 1894-இல் டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரிமீது ராஜத்துரோகக் குற்றம் சுமத்தப்பட்டபோது, கையெழுத்துச் சாஸ்திரத்தில் தேர்ச்சியில்லாத அவரையே சாக்ஷிக்கு அழைத்தார்கள். கடிதத்தின் எழுத்து டிரைஃபஸின் எழுத்தை ஒத்திருந்த இடங்களில், அது அவருடையது என்றார். ஒவ்வாத இடங்களில், வேண்டுமென்றே மாற்றி எழுதியிருக்கிறார் என்றார்! கோடுகளும் கணக்குகளுமாகப் படம் வேறு போட்டுக் காட்டினார். யூத துவேஷமும் இரகசியத் தஸ்தாவேஜுகளும் சேர்ந்துகொள்ள, நிரபராதி தீவாந்தர சிக்ஷைக்குப் போனார். பாயின்காரே முதலிய மூன்று கணித மேதைகள் அந்தக் கணக்கு முழுவதும் பிசகு என்று காட்டியது 1904-இல். விடுதலைத் தீர்ப்பு வந்தது 1906-இல்.

இப்போது முகங்களை ஒப்பிடும் யந்திரங்கள் நம் போலீஸாரிடமும் இருக்கின்றன. அவற்றால் நன்மையே இல்லை என்று நாம் கூறவில்லை. காணாமற்போன குழந்தைகளைத் தேடவும் அவை உதவியிருக்கின்றன. ஆனால், நூற்றுக்கு 80 பங்கு ஒத்திருந்தால் அதே ஆள் என்று கொள்வதாக டில்லி போலீஸார் 2022-இல் தெரிவித்தார்கள். 80-க்குக் குறைந்தாலும் விட்டுவிடுவதில்லையாம். வேறு ருசு தேடுவார்களாம். பெர்த்தியோன் நினைவு வருகிறதா, நேயர்களே?

ஒரு சந்தைக்குப் பதினாயிரம் பேர் வருவதாகவும், யந்திரம் ஆயிரத்துக்கு ஒரு முறைதான் தவறுவதாகவும் வைத்துக்கொள்வோம். அப்படியும் பத்து நிரபராதிகள் பிடிபடுவார்கள். அவர்களைப் பிடித்தது யார் என்று கேட்டால் போலீஸார் யந்திரத்தைக் காட்டுவார்கள். யந்திரத்தைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்ய எந்த வக்கீலால் முடியும்?

பொய்யறியும் கருவி, மூளைப் பரிசோதனை முதலியவற்றைச் சம்மதமில்லாமல் எவர்மீதும் பிரயோகிக்கலாகாது என்று நம் சுப்ரீம் கோர்ட் 2010-இல் செல்வி வழக்கில் தீர்ப்பளித்தது. வீதியில் நடக்கிறவனுடைய முகத்தைப் படம் எடுக்க யார் சம்மதம் கேட்கிறார்கள்?

அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டவர் மீன் விற்கும் கிழவி ஒருத்திதான். மறுநாளும் மார்க்கெட்டுக்குப் போனோம். அவன் ஐஸ் சுமந்துகொண்டிருந்தான், வெள்ளைச் சட்டையில்.