காளான் மருந்தும் மனச்சோர்வும்: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

நீண்ட நாள் சிகிச்சை பெற்றும் மனச்சோர்வு நீங்காதபோது, புதிய மருந்து பற்றிய செய்தி எதுவும் நம்பிக்கையூட்டும். ஒரு வகைக் காளானிலுள்ள சிலோசைபின் அத்தகைய செய்திகளில் அடிக்கடி இடம்பெறுகிறது.

சுவிட்சர்லாந்து வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1958இல் இதனைப் பிரித்தெடுத்தார். உடலில் சிலோசினாக மாறும் இப்பொருள், மூளையின் செரடோனின் ஏற்பிகளைத் தூண்டுகிறது. அதனால் சில மணி நேரம் காட்சி, ஒலி, காலவுணர்வு ஆகியவை மாறித் தோன்றும்.

2022இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், பிற மருந்துகளால் குணமடையாத 233 பேர் பங்கேற்றனர். ஒரே வேளையாக 25 மில்லிகிராம் பெற்றவர்களில் 37 விழுக்காட்டினருக்கு மூன்றாம் வாரத்தில் நோய்க்குறிகள் பாதிக்கு மேல் குறைந்தன. 1 மில்லிகிராம் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கே குறைந்தன. பன்னிரண்டாம் வாரம் வரை பயன் நீடித்தவர்கள், கூடுதல் அளவு பெற்றோரிலும் 20 விழுக்காட்டினரே. தலைவலி, குமட்டல், தலைசுற்றல் ஆகியவை ஏற்பட்டன. சிலருக்குத் தற்கொலை எண்ணமும் தோன்றியது.

இப்பயன் மருந்தால் மட்டும் விளைந்ததன்று. மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு உடையோர் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. மருந்தின் அளவு துல்லியமாக இருந்தது. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் நோயாளியின் அருகிலேயே இருந்தார். ஆஸ்திரேலியாவிலும் 2023 ஜூலை முதல் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்களே இதனைப் பரிந்துரைக்க இயலும்.

கொடைக்கானல் போன்ற இடங்களில் மறைவாக விற்கப்படும் போதைக் காளானில் இப்பாதுகாப்புகள் எவையும் இல்லை. அதன் வீரியம் தெரியாது. நச்சுக் காளானும் கலந்திருக்கலாம். லித்தியம் உட்கொள்வோருக்கு வலிப்பு ஏற்படும் அபாயமும் உண்டு. மேலும், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி சிலோசைபினை வைத்திருப்பதும் விற்பதும் குற்றமாகும்.

எவரேனும் இதனை உட்கொண்டுவிட்டால்:

• அவரைத் தனியே விடாதீர்கள். கடிந்துகொள்ளாமல் அமைதியான இடத்தில் அமர்த்துங்கள்.
• வாகனம் ஓட்ட விடாதீர்கள்.
• வாந்தி, வலிப்பு, கடும் அச்சம், தற்கொலைப் பேச்சு இருப்பின் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். எஞ்சிய காளானையும் கொண்டு வந்து, உண்மையை மருத்துவரிடம் கூறுங்கள்.

புதிய மருந்தை எதிர்பார்த்து, தற்போது உட்கொள்ளும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்திவிடலாகாது. பயன் போதவில்லையெனில் மருத்துவரிடம் தெரிவியுங்கள். மருந்தை மாற்றுதல், உளவியல் சிகிச்சை போன்ற வழிகள் இன்றே உள்ளன. மனம் தளரும் வேளையில், எந்நேரமும் 14416 என்ற டெலி மானஸ் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.