அவசர சிகிச்சைப் பிரிவில் எமது முதியோர்

"நாங்கள் முதலில் வந்திருந்தோம், பின்னால் வந்தவரை உள்ளே அழைத்துவிட்டார்கள்." சிட்னியிலும் மெல்பேர்ணிலும் வாழும் எம்மவரிடையே அடிக்கடி எழும் மனக்குறை இது. ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவு வந்த ஒழுங்கில் இயங்குவதில்லை. தாதி ஒருவர் நோயாளரை விசாரித்து, ஐந்து படிகளுள் ஒன்றில் சேர்க்கிறார். முதற்படியினருக்கு உடனடியாகவும், ஏனையோருக்கு முறையே 10, 30, 60, 120 நிமிடங்களுள்ளும் சிகிச்சை தொடங்கவேண்டும் என்பது அவுஸ்திரேலியாவில் வகுக்கப்பட்ட இலக்காகும். ஆகவே முதற் சில நிமிடங்களில் சொல்லப்படுவது மிக முக்கியமானது.

நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு எனப் பல நோய்களை ஒருங்கே சுமக்கும் முதியவரிடத்தில் இம்முக்கியம் பன்மடங்காகிறது. நீரிழிவு உள்ளவருக்கு நெஞ்சு நோவின்றியே மாரடைப்பு வரலாம்; மூச்சுவாங்கலும் வியர்வையும் களைப்பும் மட்டுமே தோன்றலாம். குருதி உறைவதைத் தடுக்கும் குளிசை எடுப்பவர் விழுந்து தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிடினும் மண்டையோட்டினுள் குருதி கசியக்கூடும். "அம்மாவுக்குக் கொஞ்சம் களைப்பு" என்று மட்டும் சொல்லப்பட்டால், ஆபத்து மறைந்துபோகலாம்.

மகனோ பேத்தியோ மொழிபெயர்ப்பது அன்பின் கடமையெனத் தோன்றும். ஆயினும் மகன் முன்னிலையில் தாய் சொல்லக் கூசுபவை உண்டு. பேத்தி அறியாத தமிழ்ச் சொற்களும் உண்டு. இந்நாட்டின் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை 1973 இல் சிட்னியிலும் மெல்பேர்ணிலுமே தொடங்கியது. இன்று 131 450 என்ற இலக்கத்தில் இரவு பகலாக இயங்கும் அச்சேவையில் தமிழும் உண்டு. அரச மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளருக்கு நோயாளர் பணம் செலுத்த வேண்டியதில்லை. "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று வந்தவுடனேயே கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. தடுப்புக்காவலிலும் சித்திரவதையிலும் துன்புற்றவர்க்கு, பூட்டிய அறையும், உடலிற் பொருத்தும் வயர்களும், சொல்லாமல் தொடும் கைகளும் பழைய கொடுமையை மீட்டுவிடலாம். அவர் ஒத்துழைக்க மறுப்பது பிடிவாதமன்று. விவரங்களை விளக்க விரும்பாவிடின், "தொடுமுன் சொல்லுங்கள், கதவைத் திறந்து விடுங்கள்" என்று தாதியிடம் கேட்டாலே போதும். இத்தகையோருக்கு நீண்டகால ஆதரவு வழங்கும் நிலையங்கள் மெல்பேர்ணில் 1987 முதலும் சிட்னியில் 1988 முதலும் இயங்கிவருகின்றன.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாள் ஆயத்தமாக இருக்கட்டும். குளிசைகளின் பெயரும் அளவும், நோய்கள், ஒவ்வாமை, செய்த சத்திரசிகிச்சைகள், குடும்ப வைத்தியரின் பெயர், பேசும் மொழி ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதி, முதியவரின் கைப்பையில் வையுங்கள். காத்திருக்கும்போது நிலை மோசமானால் அமைதியாக இருந்துவிடாதீர்கள். உடனே தாதியிடம் சென்று மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவன்று, நோயாளரின் உரிமை.