சுழலும் அணுக்கரு ஏன் உடைகிறது?

ஈரத் துணியைச் சுழற்றினால் தண்ணீர் தெறிக்கும். வேகமாகச் சுழலும் அணுக்கருவும் அப்படித்தான் தெறித்து உடையுதுன்னு ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். முழுத் தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா விஷயத்தை ஆற்றல் கணக்காகப் பார்த்தால்தான் தெளிவாகுது.

முதல்ல சுழலாத கரு. 1939-இல் நீல்ஸ் போரும் ஜான் வீலரும் அணுக்கருவை ஒரு திரவத் துளியாக எண்ணிப் பிளவை விளக்கினார்கள். புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. பரப்பு இழுவிசை துளியைச் சேர்த்துப் பிடிக்கிறது. துளி நீண்டால் பரப்பு கூடும், அதற்கு ஆற்றல் வேணும். ஆகவே முழுத் துளிக்கும் உடைந்த துண்டுகளுக்கும் நடுவே ஓர் ஆற்றல் மேடு நிற்கிறது. யுரேனியத்துக்கு அது சுமார் 6 மெகா எலக்ட்ரான் வோல்ட்.

இப்போ ஒரு கனமான அயனியை இன்னொரு கருவின் ஓரமாக மோதவிடுவோம். இரண்டும் ஒட்டிக்கொண்டால் புதுக் கரு அசுர வேகத்தில் சுழலும். நொடிக்கு எத்தனை சுற்று தெரியுமா? 1-க்குப் பின்னால் 20 சுழியம் போட்டுக்கோங்க!

இங்கேதான் முக்கியமான இடம். கருவின் கோண உந்தம் மாறாது. சுழற்சி ஆற்றல் என்பது கோண உந்தத்தின் வர்க்கத்தை நிலைமத் திருப்புத்திறனின் இரு மடங்கால் வகுத்தது. துளி நீண்டு, நடுவில் பிடித்துச் சுற்றும் சிலம்பக் கம்பு மாதிரி ஆனால் திருப்புத்திறன் கூடும். வகுக்கும் எண் பெரிதானால் சுழற்சி ஆற்றல் குறையும். அதாவது நீள்வதற்காகப் பரப்பு இழுவிசைக்குக் கட்ட வேண்டிய கூலியில் ஒரு பங்கைச் சுழற்சியே கட்டிவிடுகிறது. சுழற்சி கூடக் கூட மேடு தணியும். ஒரு கட்டத்தில் மேடே இருக்காது.

அந்தக் கட்டம் எங்கே வரும்னு 1974-இல் கோஹன், பிளாசில், ஸ்வியாடெக்கி மூவரும் கணக்கிட்டார்கள். நிறை எண் 130-ஐ ஒட்டிய நடுத்தரக் கருக்கள்தான் அதிகம் தாங்கும், ஏறக்குறைய 100 எச்-பார் வரை. (எச்-பார் என்பது கோண உந்தத்தின் குவாண்டம் அலகு.) சின்னக் கருக்கள் அதற்கு முன்பே உடையும். ரொம்பப் பெரிய கருக்களின் கதை வேறு. புரோட்டான்களின் தள்ளுதலாலேயே அங்கே மேடு ஏற்கெனவே தாழ்ந்து கிடக்குது, லேசான சுழற்சியே போதும்.

போதும்னுதான் துளிக் கணக்கு சொல்லுது. 102 புரோட்டான்கள் கொண்ட நொபிலியம்-254-க்கு அந்தக் கணக்கு தரும் மேடு வெறும் 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவுதான். அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் ஈயத்தின் மீது கால்சியம்-48 கற்றையை மோதி இந்தக் கருவை உண்டாக்கினார்கள். மேட்டைத் தாண்டும் அளவுக்கு ஆற்றல் உள்ள கரு பெரும்பாலும் பிளந்துவிடும். பிளக்காமல் தப்பியது காமாக் கதிர்களை உமிழ்ந்து அடங்கும். ஆக, தப்பியவை உமிழ்ந்த கதிர்களின் மொத்த ஆற்றலைக் கூட்டிப் பார்த்தால் மேட்டின் உயரம் பிடிபட்டுவிடும். 2014-இல் வெளியான முடிவு: 15 எச்-பார் சுழற்சியிலும் மேடு சுமார் 6 மெகா எலக்ட்ரான் வோல்ட்!

மிச்ச உயரம் எங்கிருந்து வந்தது? துளிக்குள்ளே புரோட்டான்களும் நியூட்ரான்களும் குவாண்டம் கூடுகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அடுக்கு பொருத்தமாக அமைந்தால் கூடுதல் பிணைப்பு கிடைக்கும். நொபிலியம்-254-இல் உள்ள 152 நியூட்ரான்கள் நீண்ட வடிவத்துக்கு வாகான எண்ணிக்கை. சுழற்சி வந்தும் அந்த அடுக்கு கலையலை.

ரஷ்யாவின் டுப்னாவில் 114 முதல் 118 வரையிலான தனிமங்களை உண்டாக்கியதும் இதே கால்சியம்-48 கற்றைதான். அங்கே ஒட்டிக்கொள்ளும் கருக்களிலும் பெரும்பாலானவை பிளந்தே போகின்றன. 118-ஆம் தனிமத்தில் தப்பிக் கண்ணில் பட்டவை விரல்விட்டு எண்ணக்கூடிய அணுக்கள்தான்.