உரிமம் வேண்டாத துப்பாக்கி

இந்தியாவில் ஏர் கன் வாங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு உரிமம் தேவைப்படுவதில்லை. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இரண்டு வரம்புகளை வைத்திருக்கின்றன: குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது; குண்டு குழலை விட்டுக் கிளம்பும்போது அதன் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டக்கூடாது. இவற்றை மீறாத துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. வாங்குகிறவரோ அதிலிருந்து இன்னொரு முடிவுக்குத் தானாகப் போய்விடுகிறார்: லைசென்ஸ் கேட்காத பொருளால் பெரிய ஆபத்து இருக்காது. கடற்கரையிலும் பொருட்காட்சியிலும் பலூன் சுட்டு வளர்ந்த நமக்கு இந்த எண்ணம் வருவது இயல்புதான். இயற்பியலும் உடற்கூறும் சொல்வது வேறு.

20 ஜூல் என்பது எவ்வளவு? ஏர் கன்னில் போடும் ஈயக் குண்டின் எடை சுமார் அரை கிராம். அந்த அரை கிராமுக்கு 20 ஜூல் ஆற்றல் இருந்தால் அது நொடிக்கு ஏறக்குறைய 283 மீட்டர் வேகத்தில் பறக்கும். மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். சில கைத்துப்பாக்கிக் குண்டுகளின் வேகமும் இவ்வளவுதான். எடை குறைவு என்பதே வித்தியாசம். 'அப்படியானால் 20 ஜூல் அற்பம்தானே, 120 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் கிரிக்கெட் பந்தில் அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் இருக்கிறதே' என்று கணக்குத் தெரிந்தவர் கேட்கலாம். கணக்கு சரி. ஆனால் பந்து தன் ஆற்றலை உள்ளங்கை அளவு இடத்தில் பரப்பி இறக்குகிறது. அதனால் கன்றிப்போகும், எலும்பும் முறியலாம், துளைக்காது. குண்டோ அவ்வளவையும் 16 சதுர மில்லிமீட்டரில் இறக்குகிறது. 4.5 மில்லிமீட்டர் குண்டு மனிதத் தோலைத் துளைக்க நொடிக்குச் சுமார் 100 மீட்டர் வேகம் போதும் என்று தடயவியல் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அந்த வேகத்தில் அதனிடம் இருப்பது வெறும் இரண்டரை ஜூல். உரிமம் இல்லாமல் அனுமதிக்கப்படும் உச்ச அளவு அதைப்போல எட்டு மடங்கு. கண்ணைப் பாழாக்க இரண்டரை ஜூல்கூட வேண்டியதில்லை.

காற்றின் பலத்தைப் பற்றிய சந்தேகத்தை வரலாறும் தீர்த்துவைக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரியப் படை காற்றுத் துப்பாக்கியைப் போர் ஆயுதமாகவே வைத்திருந்தது. 1803இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளை ஆராயக் கிளம்பிய மெரிவெதர் லூயிஸ், பயணத்தின் தொடக்கத்திலேயே பிட்ஸ்பர்க் அருகே தன் காற்றுத் துப்பாக்கியை ஊராருக்குக் காட்டினார். பழக்கமில்லாத ஒருவர் கையில் அது தவறுதலாக வெடிக்க, சற்றுத் தூரத்தில் நின்ற ஒரு பெண்ணின் நெற்றிப்பொட்டைக் குண்டு உரசிக்கொண்டு போயிற்று. அவர் பிழைத்துக்கொண்டார். இன்று நடக்கும் விபத்துகளில் பலவும் இதே மாதிரிதான்: வேடிக்கை காட்டல், பழகாத கை, பக்கத்தில் நிற்கும் யாரோ ஒருவர்.

குழந்தைகளின் உடம்பில் அந்த ஜூல் கணக்கு இன்னும் மோசமாகிறது. நெற்றிப்பொட்டு எலும்பும் கண்குழியின் கூரையும் அவர்களுக்கு மெல்லியவை. மார்புச் சுவரும் அப்படியே. வெளியே தெரியும் காயம் கொசுக்கடி அளவுக்குச் சிறியதாக இருப்பதால் மஞ்சளோ மருந்தோ வைத்து விட்டுவிடுகிறார்கள். குண்டு உள்ளே எங்கே போய் நிற்கிறது என்பதை எக்ஸ்ரே மட்டுமே சொல்லும். உள்ளே கிடப்பது ஈயமா, எஃகால் செய்த பால்ரஸ் குண்டா என்பதும் முக்கியம். எஃகு காந்தத்தால் இழுக்கப்படும் என்பதால், எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன் பழைய காயத்தைக்கூட மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

சாவு எண்ணிக்கை மிகக் குறைவு என்பது வழக்கமான மறுப்பு. உண்மைதான். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தன் நாட்டில் இவ்வகைத் துப்பாக்கிகளால் ஆண்டுக்குச் சராசரியாக நான்கு பேர் இறப்பதாகச் சொல்கிறது; இருசக்கர வாகனங்களோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் இருசக்கர வாகனத்தை விளையாட்டுச் சாமான் என்று எண்ணி எவரும் பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கித் தருவதில்லை. பார்வை போன கண் சாவுக் கணக்கில் வராது என்பதையும் மறந்துவிடுகிறோம். அதே ஆணையம், வேகம் கூடிய ஏர் கன்களை 16 வயதுக்குக் குறைந்தவர்கள் தொடக்கூடாது என்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 2005இல் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று ஏர் கன் குண்டு தலையில் பாய்ந்து இறந்தது. நீண்ட போராட்டத்துக்குப் பின், 2016ஆம் ஆண்டின் கடைசி நாளிலிருந்து ஸ்காட்லாந்தில் ஏர் கன் வைத்திருக்க உரிமம் கட்டாயமானது.

இனி கையாளும் முறை. குழல் எப்போதும் ஆளில்லாத பக்கமே பார்க்க வேண்டும், சுடும் கணம்வரை விரல் விசையில் படக்கூடாது என்ற விதிகள் எல்லாத் துப்பாக்கிக்கும் பொது. ஏர் கன்னுக்கென்றே சில உண்டு. காலியாக இருக்கிறது என்ற நம்பிக்கைதான் முதல் எதிரி. பால்ரஸ் குண்டுகள் போடும் துப்பாக்கியில் ஒரு குண்டு உள்ளே சிக்கிக்கொண்டால் இரண்டு முறை வெறும் காற்று வரும்; மூன்றாம் முறை குண்டு வரும். ஸ்பிரிங் துப்பாக்கியில் அழுத்தம் கூடும் கணத்தில் காற்று கடுமையாகச் சூடேறுகிறது. 'ஸ்மூத்தாக ஓட' என்று நம்மவர்கள் விடும் எண்ணெய் டீசல் என்ஜினில்போல அங்கே பற்றிக்கொண்டு, குண்டின் வேகத்தைச் சட்ட வரம்புக்கு மேலேயே தள்ளிவிடலாம். குழலை மடித்துக் குண்டு போடும்போது அதை மறுகையால் இறுகப் பிடிக்காவிட்டால் விரல் நசுங்கும். எஃகுக் குண்டு கல்லிலும் தகரத்திலும் பட்டால் சுட்டவரை நோக்கியே திரும்பும். ஈயக் குண்டு நசுங்கும், ஆனாலும் அதன் சிதறல் தெறிக்கும். அதனால் சுடுகிறவருக்கும் பார்க்கிறவருக்கும் பாலிகார்பனேட் கண்ணாடி வேண்டும்; இலக்குக்குப் பின்னால் மணல் மூட்டை வேண்டும். தகரக் கதவும் வேலிப் படலும் தடுப்பு ஆகாது. தவறிய குண்டு சில நூறு மீட்டர் போகும். சுட்டு முடித்ததும் கை கழுவ வேண்டும். குண்டுகளை வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் ஈயத்தைத் தின்பதற்குச் சமம்.

இலக்கு என்றால் அட்டையோ தகர டப்பாவோதான், உயிர் அல்ல. ஏர் கன்னுக்கு உரிமம் வேண்டாம் என்றாலும், நம் காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றை அதனால் சுடுவது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பறவைகள் அருகிவருவதைக் கண்டு அருணாசலப் பிரதேச அரசு 2021இல் ஏர் கன் ஒப்படைப்பு இயக்கம் தொடங்கியபோது, மக்கள் தாமாகவே ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கட்டுப்பாடு கூடினால் விளையாட்டு நசிந்துவிடும் என்பது மற்றொரு மறுப்பு. அபினவ் பிந்த்ரா 2008 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் பத்துப் புள்ளிக்கான வட்டம் அரை மில்லிமீட்டர் அகலம். அதைத் தொட வேண்டியது துல்லியம், பலமல்ல. அப்போட்டித் துப்பாக்கிகளின் ஆற்றல் 7.5 ஜூல் அளவில்தான் இருக்கிறது. ஜெர்மனி உரிமமில்லாத ஏர் கன்னுக்கு வைத்திருக்கும் வரம்பும் அதே 7.5 ஜூல். இங்கிலாந்தில் ஏர் ரைஃபிளுக்கு 16 ஜூல். நம்முடைய 20 ஜூலை 7.5க்கு இறக்கி, அந்த எண்ணைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட வைத்தால், பத்து மீட்டர் போட்டிக்குப் பயிற்சி எடுக்கும் எந்தப் பிள்ளைக்கும் நட்டமில்லை. அதற்கு மேல் பலம் வேண்டுமென்கிறவர் உரிமம் எடுத்துக்கொள்ளட்டும்.