ஒராளும் ஓர் ஆடும்

கோட்டுகாலில் ஒரு வீடு. சாயங்கால நேரம். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் நோட்டை நீட்டுகிறாள்.

"அம்மா, டீச்சர் தப்பு போட்டுட்டாங்க."

"என்ன எழுதின மக்களே?"

"'எ எக்'ன்னு எழுதினேன். 'ஆன் எக்'ன்னு எழுதணுமாம்."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே" என்று அம்மா நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் இப்படி வீடுகள் உண்டு. 1956-இல் தெற்கே நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. வீட்டில் தமிழ். தெருவில் மலையாளம். பள்ளியில் இங்கிலீஷும் சேர்ந்துகொள்கிறது. பிள்ளை பாவம்தான். ஆனால் அந்த அம்மாவுக்குப் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும்.

'எ', 'ஆன்' இரண்டுக்கும் பொருள் ஒன்றே. நம்முடைய 'ஒரு'தான் அது. ஒரு பேனா என்றால் 'எ பென்'. ஒரு முட்டை என்றால் 'ஆன் எக்'.

ஒரே பொருளுக்கு ஏன் இரண்டு சொல்? நம் வாயையே கவனிப்போம். 'ஒரு மாடு' என்கிறோம். ஆள் வந்தால் 'ஒராளு வந்தாரு' என்கிறோம். மலையாளத்திலும் 'ஒராள்'தான். 'ரு' ஏன் தேய்ந்தது? அடுத்து வருவது உயிரெழுத்து. இரண்டு உயிர் ஒலிகள் மோதினால் நாக்கு தடுமாறும். புத்தகத் தமிழில் 'ஒரு மாடு', 'ஓர் ஆடு' என்று எழுதுவதும் இதனால்தான்.

'எ எக்' என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது. 'ஆன் எக்' ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. பழைய இங்கிலீஷில் ஒன்று என்பதற்கே 'ஆன்' என்றுதான் பெயர். உயிர் ஒலி வராத இடங்களில் 'ன்' தேய்ந்தது. 'எ' மிஞ்சியது.

பள்ளியில் ஏ, இ, ஐ, ஓ, யு என்று ஐந்து எழுத்துகளை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். பிள்ளைகள் விழுவது இங்கேதான். குடை, 'ஆன் அம்ப்ரெல்லா'. சீருடை, 'எ யூனிஃபார்ம்'. இரண்டுக்கும் முதல் எழுத்து 'யு'தான். பிறகு ஏன் வேறுபாடு? பார்க்க வேண்டியது எழுத்தை அல்ல, ஒலியை.

இதற்கு நம் தமிழ் எழுத்தே போதும். இங்கிலீஷ் சொல்லை ஒலிக்கிறபடி தமிழில் எழுதுங்கள். முதல் எழுத்து அ முதல் ஔ வரை இருந்தால் 'ஆன்'. இல்லாவிட்டால் 'எ'. அம்ப்ரெல்லாவுக்கு முதலில் 'அ'. யூனிஃபார்முக்கு 'யூ'. ஒரு மணி நேரம் 'ஆன் அவர்'. அதில் எழுதும்போது 'எச்' உண்டு, வாயில் இல்லை. எம்.எல்.ஏ.வைச் சொல்லும்போது வாய் 'எ' என்றுதான் திறக்கிறது. ஆகவே அவர் 'ஆன் எம்.எல்.ஏ.'.

ஓட்டலில் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. நாம்தான் ஓட்டல் என்கிறோம். இங்கிலீஷில் அது ஹோட்டல். 'எ ஹோட்டல்'.

அடுக்களையிலேயே பழக்கலாம். வெங்காயத்தை எடுத்துக் காட்டினால் பிள்ளை 'ஆன் ஆனியன்' என்று சொல்லட்டும். கரண்டிக்கு 'எ ஸ்பூன்'. தண்ணீரைக் காட்டினால்? 'ஒரு தண்ணீர்' என்று நாமும் சொல்வதில்லை. ஒரு கிளாஸ் தண்ணீர் என்கிறோம். அங்கேயும் 'எ கிளாஸ் ஆஃப் வாட்டர்'தான்.

ஓரிடத்தில் தமிழ் கைகொடுக்காது. 'அம்மா நர்ஸ்' என்று நாம் சொன்னால் போதும். இங்கிலீஷில் 'மை மதர் இஸ் எ நர்ஸ்' என்று சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் இந்த 'எ'யை விட்டுவிடுவார்கள்.

அதற்காக அடிக்க வேண்டாம். இங்கிலீஷே தாய்மொழியான குழந்தைகளுக்கும் இது உடனே வருவதில்லை. அமெரிக்காவில் ரோஜர் பிரவுன் என்ற அறிஞர் 3 குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து கவனித்தார். 1973-இல் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். பேச்சில் வரும் 14 சிறு கூறுகளை அவர் வரிசைப்படுத்தினார். 'எ'யும் 'த'வும் அதில் 8-ஆவது இடத்தில்தான் வந்தன. பிள்ளை தவறாகச் சொன்னால், அதே வாக்கியத்தை நாம் ஒருமுறை சரியாகத் திருப்பிச் சொன்னால் போதும்.