பெருங்குடலை அகற்றிய பின்னும் அழற்சியைக் கண்காணிப்பது ஏன்?

பெருங்குடல் புண் அழற்சி நோய்க்கு அறுவை சிகிச்சையே முடிவான தீர்வு என்று பலரும் கருதுகின்றனர். அதற்குக் காரணம் உண்டு. இந்நோய் பெருங்குடலின் உட்சவ்வையும் மலக்குடலையும் மட்டுமே தாக்குகிறது. அவற்றை அகற்றிவிட்டால் நோய் தங்குவதற்கு இடமில்லை. ஆனால், அகற்றிய உறுப்புக்கு மாற்றாக மருத்துவர்கள் அமைக்கும் புதிய பகுதியிலும் அழற்சி தோன்றலாம். ஆகவே நோயாளியின் கண்காணிப்பு அறுவை அரங்கோடு முடிந்துவிடுவதில்லை.

ஒரு காலத்தில் பெருங்குடலை இழந்தவர்கள் வயிற்றில் இடப்பட்ட துளையின் வழியாகவே வாழ்நாள் முழுவதும் மலம் கழிக்க வேண்டியிருந்தது. 1978இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் ஆலன் பார்க்ஸும் ஜான் நிக்கோல்ஸும் சிறுகுடலின் கடைப்பகுதியை மடித்துத் தைத்து, ஒரு பையாக்கி, ஆசனவாயுடன் இணைக்கும் முறையை வெளியிட்டனர். 1980இல் ஜப்பானிய மருத்துவர் உட்சுனோமியா அந்தப் பையை எளிமையான 'ஜே' வடிவில் அமைத்துக் காட்டினார். இன்று பரவலாகச் செய்யப்படுவது இந்த வடிவமே. பை நன்கு இயங்கினாலும் நாளொன்றுக்கு நான்கு முதல் எட்டு முறை வரை மலம் கழிவது இயல்பு.

முதல் சில நாள்கள்

அறுவைக்குப் பிந்தைய கண்காணிப்பில் இரண்டு கட்டங்கள் உள்ளன. முதலாவது, மருத்துவமனையில் கழியும் நாள்கள். குடலை இணைத்த தையல் கசிந்தால் அடிவயிற்றில் சீழ் பிடித்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். இதை முன்னறிய உதவுவது சி-ரியாக்டிவ் புரதம் என்னும் எளிய இரத்தப் பரிசோதனை. எந்தப் பெரிய அறுவைக்குப் பின்னும் இப்புரதம் உயரும். இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்தைத் தொட்டுப் பின்னர் இறங்கும். நான்காம் நாளிலும் இறங்காமல் நின்றாலோ, இறங்கியது மீண்டும் ஏறினாலோ மருத்துவர்கள் கசிவைச் சந்தேகிப்பர். உயர்ந்த அளவு கசிவை உறுதி செய்துவிடாது. வேறு தொற்றுகளாலும் அது உயரலாம். குறைந்த அளவோ 'பெரும்பாலும் ஆபத்தில்லை' என்ற நம்பிக்கையைத் தருகிறது.

பின்வரும் ஆண்டுகள்

இரண்டாவது கட்டம் பல ஆண்டுகள் நீள்வது. பை பொருத்தப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஒருமுறையேனும் பை அழற்சி ஏற்படுகிறது. மலம் கழிக்கும் எண்ணிக்கை கூடுதல், அடக்க முடியாத அவசரம், அடிவயிற்று வலி, இரவில் கசிவு ஆகியவை இதன் அறிகுறிகள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இதே அறிகுறிகள் அழற்சி சிறிதும் இல்லாத பையிலும் தோன்றலாம். அதனை எரிச்சல் பை நிலை என்பர். மலக்குடலின் எஞ்சிய சிறு விளிம்பில் வரும் அழற்சியும், தொற்றும், குரோன் நோயும் இவ்வாறே வெளிப்படலாம். எனவேதான் பயன்பாட்டிலுள்ள மதிப்பீட்டு அட்டவணை அறிகுறி, உள்நோக்கிக் காட்சி, திசு ஆய்வு ஆகிய மூன்றுக்கும் தலா 6 புள்ளிகள் வழங்குகிறது. மொத்தமுள்ள 18இல் 7 அல்லது அதற்கு மேல் வந்தால் அது பை அழற்சி. அறிகுறிகள் மட்டும் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அந்த எல்லையை எட்ட முடியாது.

உள்நோக்கிப் பரிசோதனையை அடிக்கடி செய்ய இயலாது. அந்த இடைவெளியை நிரப்புவது கால்புரோடெக்டின் என்னும் மலப் பரிசோதனை. அழற்சியுள்ள இடத்தில் குவியும் வெள்ளணுக்கள் வெளியிடும் இப்புரதம் மலத்தில் எளிதில் சிதைவதில்லை. வீட்டிலேயே மாதிரி எடுத்து ஆய்வகத்தில் ஒப்படைக்கலாம். அறிகுறிகள் தோன்றும் முன்னரே இது உயர்வதை ஆய்வுகள் கண்டுள்ளன. ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராம் என்பது வழக்கமான எல்லை. பை உள்ளவர்களுக்கு அழற்சியின்றியே அதற்குச் சற்று மேல் இருக்கலாம். ஆகவே ஒற்றை எண்ணைவிட, நலமாக இருந்தபோது எடுத்த அளவோடு ஒப்பிடுவதே பயன் தரும். இரத்தத்தின் சி-ரியாக்டிவ் புரதம் பை அழற்சியின்போது பெரும்பாலும் இயல்பாகவே இருந்துவிடும். அதை மட்டும் நம்பி 'ஒன்றுமில்லை' என்று கூறுவது பிழை.

பரிசோதனை இல்லாதபோது

பை அழற்சிக்கு முதல் மருந்து சிப்ரோஃபிளாக்சசின் அல்லது மெட்ரோனிடசோல். பொதுவாக இரண்டு வாரம். பெரும்பாலோர் குணமடைகின்றனர். ஆனால் பரிசோதனைக்குப் பணமோ வழியோ இல்லாதவர், அறிகுறி தோன்றும்போதெல்லாம் அதே மாத்திரைகளை வாங்கி விழுங்க நேர்கிறது. எரிச்சல் பை நிலைக்கு அவற்றால் பயனில்லை. நீடித்த பயன்பாட்டில் மெட்ரோனிடசோல் நரம்புகளைப் பாதித்து, கைகால்களை மரத்துப்போகச் செய்யலாம். சிப்ரோஃபிளாக்சசின் தசைநாண்களைச் சிதைக்கலாம். கிருமிகளும் மருந்துக்குப் பழகிவிடும். வலிக்காகத் தாமாக வாங்கும் ஐபுபுரோஃபன் போன்ற மாத்திரைகளும் பை அழற்சிக்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன.

வகுப்பறையிலோ வேலையிடத்திலோ கழிப்பறை இல்லாத ஒருவருக்கு, நாளொன்றுக்குப் பன்னிரண்டு முறை எழுந்து செல்வது படிப்பையும் கூலியையும் இழப்பதற்குச் சமம். கூச்சத்தால் அவர் உணவைக் குறைப்பார், நோயை மறைப்பார். அழற்சியை உரிய காலத்தில் அறிவது மருத்துவப் பிரச்சினை மட்டுமன்று, கண்ணியத்தின் பிரச்சினையும் ஆகும்.

நோயாளி கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. மாத்திரை எழுதும் முன் தொற்று இல்லையென உறுதி செய்யப்பட்டதா? உள்நோக்கியில் அழற்சி தெரிந்தது பையிலா, விளிம்பிலா, அதற்கு மேலுள்ள சிறுகுடலிலா? நலமாக இருந்தபோது கால்புரோடெக்டின் எவ்வளவு இருந்தது? விடைகளை எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, மருத்துவப் பதிவேடுகளைக் கோரினால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும். அடுத்த மருத்துவர் யாராயினும், அந்தத் தாள்கள் கையில் இருந்தால் சிகிச்சை ஊகத்திலிருந்து தொடங்காது.