ஆடியும் பாடியும் ஆங்கிலம்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, பொழுது படுகின்ற திசையில் விரிந்து கிடக்கும் வயல்நிலத்தைப் படுவான்கரை என்பர். போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகம் அமைந்துள்ள வெல்லாவெளி, அக்கரையைச் சேர்ந்த ஊர். உழவும் கூத்தும் இப்பகுதி மக்களின் இரு கண்கள் எனலாம். பகலெல்லாம் சேற்றில் நின்றவர், இரவிற் சதங்கை கட்டி, களரியில் மன்னராய் நின்ற மண் இது.

இத்தகைய நாட்டுப்புறப் பாடசாலை ஒன்றினுள் நுழைந்து, ஒரு பிள்ளையை ஆங்கிலத்தில் பெயர் கேட்டுப் பாருங்கள். வினா விளங்கும், விடையும் கொப்பியில் எழுதப்பட்டிருக்கும், ஆயினும் பல பிள்ளைகள் வாய் திறவார். எழுதக் கை பழகிற்று. பேச நாப் பழகவில்லை. நாளை உயர்கல்வியிலும் உத்தியோக நேர்முகத்திலும் இக்கூச்சமே குறுக்கே நிற்கும். அறிவிற் குறையாத பிள்ளை நாவின் கூச்சத்தாற் பின்தள்ளப்படுவது கொடுமை அன்றோ?

யப்பானியர் கண்ட வழி

இக்கூச்சம் நமக்கு மாத்திரம் உரியதன்று. கைத்தொழிலில் உலகம் வியக்க உயர்ந்த யப்பான் நாட்டிலும், ஆங்கிலம் பேசுதல் நெடுங்காலமாகப் பெருஞ் சங்கடமாகவே இருந்து வந்திருக்கின்றது. 1987ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு அரசு அயல்நாட்டு இளைஞரைத் துணையாசிரியராக வரவழைத்துப் பாடசாலைகளுக்கு அனுப்பி வருகின்றது. 2011இல் ஆரம்பப் பாடசாலையின் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 35 பாடவேளைகள் அயல்மொழிச் செயற்பாட்டிற்கென ஒதுக்கப்பெற்றன. 2020இல் அது மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு இறங்கிற்று. மேல்வகுப்பு இரண்டிலும் ஆங்கிலம் 70 பாடவேளைகள் கொண்ட முழுப் பாடமாயிற்று.

சட்டம் இயற்றிவிட்டாற் போதுமா? பிள்ளையின் வாய் திறக்க வேண்டுமே! இங்கேதான் பாட்டும் நாடகமும் துணைக்கு வருகின்றன. பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்திற் பிள்ளைகள் தரையில் அமர்ந்திருக்க, நடிகர் சிலர் எளிய கதையொன்றை ஆங்கிலத்திற் பாடி ஆடிக் காட்டுவர். ஒரே அடி பலமுறை திரும்பி வரும். கைச்சாடை பொருளை உணர்த்தும். மூன்றாம் முறை வரும்போது மண்டபம் முழுவதும் சேர்ந்து பாடும். சொல்லுக்குப் பொருள் கூறுவார் இல்லை. ஆயினும் பொருள் விளங்காத பிள்ளையும் இல்லை.

இசை செய்யும் உதவி

யப்பானிய மொழியிற் பெரும்பாலான ஒலிகள் உயிரெழுத்தில் முடிவன. ஆகவே ஆங்கிலத்தில் ஒரே அசையாய் ஒலிக்கும் 'ஸ்ட்ரைக்' என்னுஞ் சொல், அவர் நாவில் 'ஸு-தொ-ரா-இ-கு' என ஐந்தாய் நீளும். நாம் சிரிக்க வேண்டியதில்லை. 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்றும், 'புக்' என்பதைப் 'புக்கு' என்றும் உயிர் சேர்த்து ஒலிப்பவர் நாமும் அல்லவோ? தாய்மொழியின் ஒலியியல்பு அயல்மொழியிலும் தொடர்வது இயற்கையே. தாளத்தோடு பாடும்போது அந்த மிகை அசைக்கு இடமில்லை. இடம் தராத தாளமே நாவைத் திருத்துகின்றது. பலர் கூடிப் பாடுகையில் ஒருவன் பிழை மற்றவர் குரலில் மறைந்துவிடும். அச்சமும் உடன் மறையும்.

நம் களரியில் இல்லாததா?

இம்முறையைக் கற்க நாம் யப்பானுக்குக் கப்பலேற வேண்டியதில்லை. வடமோடியிலும் தென்மோடியிலும் ஆடுவோன் ஓர் அடியைப் பாடுவான். அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அதனைத் திருப்பிப் பாடுவர். மத்தளமும் தாளமும் காலை நடத்தும். எழுத்தறியாத உழவர் பலர், மாதக்கணக்கிற் கேட்டுக் கேட்டே நீண்ட கூத்துகளை நெஞ்சில் இருத்தினர். காதால் வாங்கி, வாயாற் சொல்லி, உடலால் உணர்ந்து கற்ற கல்வி அது. மொழி கற்பதற்கு இதனினும் சிறந்த பள்ளி வேறு யாது?

விடிய விடிய ஆடப்பெறும் கூத்து, பாடசாலை நேரத்துக்குள் அடங்குமோ என ஐயுறலாம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்' என மேடையேற்றியபோது, இரவு முழுதும் ஆடுங் கூத்தைச் சுருக்கியே தந்தார். அவர்தம் மாணவரும் மட்டக்களப்பு மண்ணின் மைந்தருமான பேராசிரியர் சி. மௌனகுரு, 'தப்பி வந்த தாடி ஆடு' முதலிய சிறுவர் நாடகங்களை ஆக்கினார். வழி முன்னரே வெட்டப்பட்டிருக்கின்றது. நடப்பதே நம் கடன்.

செய்து பார்க்கலாம்

நம் நாட்டிலும் 1997ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம், முதலிரு தரங்களிற் செயல்வழி வாய்மொழி ஆங்கிலத்துக்கு இடம் தந்தது. அவ்விடத்தை ஆட்டமும் பாட்டுங் கொண்டு நிரப்பலாகாதா?

பெருஞ் செலவு வேண்டாம். பிள்ளைகள் அறிந்த காகமும் நரியும் கதையே போதும். கதையைத் தமிழிற் சொல்லி, உரையாடலை மாத்திரம் ஆங்கிலத்தில் அமைக்க. 'ஓ குரோ, ஸிங் எ ஸோங்!' என நரி வேண்டட்டும். 'நோ, நோ, நோ!' எனக் காகக் கூட்டம் மறுக்கட்டும். ஊரிலுள்ள அண்ணாவியாரை அழைத்து மத்தளம் வாசிக்கச் செய்க. பிள்ளைகள் வட்டமாய் நின்றால் அதுவே வட்டக்களரி. ஆங்கில ஆசிரியர் சொல்லைத் திருத்துவார். அண்ணாவியார் தாளத்தைத் திருத்துவார். இருவரும் ஒரே களரியில் நிற்பதைக் காணும் பிள்ளை, அயல்மொழி கற்பதற்குத் தன் ஊர்க்கலையைத் துறக்க வேண்டியதில்லை என்பதையும் உணர்ந்துகொள்ளும்.

ஓர் எச்சரிக்கை. ஒருநாட் கொண்டாட்டத்தால் மொழி வந்துவிடாது. யப்பானிலும் நடிகர் விடைபெற்றுச் சென்றபின், மறுநாட் காலை அப்பிள்ளைகளின் முன் நிற்பவர் வகுப்பாசிரியரே. பாடிய அடியை மறுநாளும் பாடுவித்து, பேச்சாக மாற்றி, பிழையைக் கண்டு நகையாது தட்டிக்கொடுக்கும் ஆசிரியர் வேண்டும். பெற்றோரும் வீட்டில், "இன்று என்ன பாடினாய், மகனே?" எனக் கேட்டுக் காது கொடுத்தல் வேண்டும். தமக்கு ஆங்கிலம் தெரியாதே எனத் தயங்க வேண்டாம். கேட்கும் காது ஒன்றே பிள்ளைக்குப் போதுமானது.

நாவின் பூட்டைத் திறக்கும் திறவுகோல் நம் ஊர்க் களரியிலேயே கிடக்கின்றது. அதை எடுத்துப் பிள்ளைகளின் கையிற் கொடுப்போமாக.